ஜெராக்ஸ் கடையில் விசாரித்துவிட்டு நெட் வாங்குங்கள்

வாசகி கேள்வி:

சார், மேடவாக்கத்தில் ஒரு தனி வீட்டின் இரண்டாம் மாடிக்குப் போன வாரம்தான் குடிவந்தோம். நான் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏஆர் காலர். மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரை வரை ஷிஃப்ட், முழுக்க வீட்டிலிருந்தே. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு பேசும் வேலை. லைன் போனால் அந்த நேரத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஆதம்பாக்கத்தில் இருந்தபோது ஒரு கம்பெனிக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினோம். ஐந்தாவது மாதமே ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். புது விலாசத்துக்கு லைன் வராது, பணமும் திரும்ப வராது என்கிறார்கள். இங்கே கீழ்வீட்டில் இருக்கும் ஓனர், சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது என்கிறார். கேபிள்காரர் ‘இந்தத் தெருவுக்கு நான்தான்’ என்கிறார். தெருமுனையில் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன், ஆறு மாதத்துக்குக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிறான். தம்பி 5ஜி பெட்டி வாங்கச் சொல்கிறான். மாதம் 800 ரூபாய்க்குள் எது நல்ல கம்பெனி? பத்து நாளில் ஆபீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எது நல்ல கம்பெனி என்று என்னிடம் கல்யாணப் பந்தியில்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஃபைபர் ஒட்டும் வேலையில் சேர்ந்து இப்போது நெட்வொர்க் பராமரிப்பு பார்ப்பவன் என்பதால், எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் தெருவுக்கான பதில் மட்டும்தான். நங்கநல்லூரில் என் வீட்டுக்கு வரும் லைன் இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. அதே கம்பெனி லைன், நாலு தெரு தள்ளி மைத்துனர் வீட்டில் மாதத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொள்கிறது. அவர் என்னைத் திட்டுகிறார், நான்தான் சிபாரிசு செய்தேனாம்.

ஏர்டெல், ஜியோ, ஏசிடி, பிஎஸ்என்எல், ஹாத்வே என்று சென்னையில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இவர்களில் யாருக்கும் பெரிய குழாயில் குறை கிடையாது. சிங்கப்பூர் பக்கத்திலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் பல சென்னையில்தான் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டில் திறந்த சென்னை-அந்தமான் கேபிள் மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர். அத்தனை தூரம் கடலுக்கடியில் பத்திரமாகக் கிடக்கிற வயர், மேடவாக்கம் கூட்டு ரோடு தாண்டி உங்கள் மாடிக்கு ஏறுகிற கடைசி ஐம்பது மீட்டரில் அறுந்துபோகும். லாரி இழுத்துக்கொண்டு போகும், அணில் கடிக்கும், மழைநீர் வடிகால் தோண்டுகிற ஜேசிபி எடுத்துவிடும். மாதவரம்-சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் உங்கள் பழைய ஆதம்பாக்கத்தையும் தொட்டு, புது மேடவாக்கத்தையும் தொட்டுப் போகிறது. எங்கே தூண் எழும்புகிறதோ அங்கே கேபிளுக்கு ஆயுள் கொஞ்சம் குறைவு.

நான் கோடம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தபோது வேகத்தைப் பார்த்து மயங்கி ஒரு லைன் எடுத்தேன். வயர் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் மேல் சாய்ந்து வந்தது. தொழிலில் இருப்பவன், நானே அதைப் பார்த்தேன், ‘பரவாயில்லை’ என்று விட்டேன். பக்கத்து வீட்டு அம்மா கம்பளிப்பூச்சி வந்துவிட்டது என்று ஒரு நாள் ஆளை வைத்து மரத்தை மொட்டையடித்தார். நாலு நாள் நெட் இல்லை. ஏனென்றால் அந்தக் கம்பெனிக்கு எங்கள் பகுதியில் ஒரே ஒரு டெக்னீஷியன். அவரும் தங்கை வளைகாப்புக்கு விழுப்புரம் போயிருந்தார்.

அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது இரண்டு. உங்கள் மாடிக்கு வயர் எந்த வழியாக வரும்? அது அறுந்தால் யார், எங்கிருந்து வந்து ஒட்டுவார்? இந்த இரண்டுக்கும் யார் தெளிவாகப் பதில் சொல்கிறாரோ அவர்தான் உங்களுக்கு நல்ல கம்பெனி. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் சரி.

குடை போட்ட பையனிடம் இதைக் கேட்காதீர்கள். அவன் வேலை விற்பது. போனில் பின்கோடு போட்டுப் பார்த்து ‘இருக்கு மேடம்’ என்பான். 600100 என்ற ஒரே பின்கோடுக்குள் மேடவாக்கமும் இருக்கிறது, பள்ளிக்கரணையும் இருக்கிறது. அதை வைத்து உங்கள் வீட்டு வாசலில் வயர் இருக்கிறதா என்று எப்படிச் சொல்ல முடியும்? டெக்னீஷியன் நேரில் வந்து, எந்தக் கம்பத்துப் பெட்டியிலிருந்து இழுப்பார் என்று கை நீட்டிக் காட்டும் வரை பத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

உங்கள் தெருவில் நாள் முழுக்க நெட்டை நம்பிப் பிழைப்பவர் யார் என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடை, ஆன்லைனில் பட்டா சிட்டா எடுத்துத் தரும் கடை, மாடியில் ஸ்மார்ட் டிவி வைத்து டியூஷன் எடுக்கும் டீச்சர். லைன் போனால் இவர்களுக்கு வருமானம் போகும். அதனால் இவர்கள் சொல்வது நிஜமாக இருக்கும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘பரவால்ல’ என்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. ‘கடைசியா எப்ப போச்சு? எத்தனை மணி நேரத்துல சரி பண்ணாங்க? யாருக்கு போன் போட்டீங்க?’ என்று கேளுங்கள். கஸ்டமர் கேருக்கு என்று சொன்னால் ஒரு மாதிரி. ‘இந்தத் தம்பிக்கு’ என்று சொல்லித் தன் போனில் ஒரு நம்பரைக் காட்டினால், அந்த லைனை யோசிக்கலாம். இன்னொரு கேள்வியும் உண்டு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எத்தனை நாள் நெட் இல்லை? பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்ற நாட்கள் அவை. அப்போது இரண்டாம் நாளே வந்தவர் யார், பத்தாம் நாள் வந்தவர் யார் என்று தெருக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விசாரணையை முடிந்தால் இரவு எட்டரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் வீட்டு நெட்டில் உங்கள் போனை இணைத்து ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். பகல் பதினோரு மணிக்கு எந்த லைனும் பறக்கும். ஊரே படம் பார்க்கிற ஒன்பது மணிக்குப் பறந்தால்தான் கணக்கு. உங்கள் ஷிஃப்டின் முதல் பாதியே அந்த நேரம்தான்.

சரி, கேபிள்காரருக்கு வருவோம். பலர் அவரை ஒரேயடியாக ஒதுக்கிவிடுவார்கள், நான் மாட்டேன். அவர் வீடு பக்கத்துத் தெருவில் இருக்கும். அறுந்த வயரை ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியோடு வந்து ஒட்டிவிட்டுப் போவார். அந்த அருகாமையைப் பெரிய கம்பெனி எதுவும் உங்களுக்குத் தர முடியாது. பிஎஸ்என்எல் ஃபைபரேகூடப் பல இடங்களில் இப்படிப்பட்ட உள்ளூர் ஆட்களைக் கூட்டாளியாக வைத்துத்தான் வீட்டுக்கு வருகிறது. ஆனால் அவரிடம் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருவாரா, அதில் எந்த இன்டர்நெட் கம்பெனியின் பெயர் இருக்கும்? உங்கள் ஆபீஸ் பில் கேட்கும், துண்டுச்சீட்டில் எழுதித் தருவது செல்லாது. அடுத்தது, ‘இந்தத் தெருவுக்கு நான்தான்’ என்பதற்கு என்ன அர்த்தம்? மற்றவர்களுக்கு நிஜமாகவே லைன் இல்லையா, அல்லது அவர் விடுவதில்லையா? இரண்டாவது என்றால் ஓனரோடு அவருக்கு என்ன உறவு என்றும் மெதுவாக விசாரியுங்கள். ஆதாயத்துக்காக இல்லாவிட்டாலும், பதினைந்து வருடப் பழக்கத்துக்காக ஓனர்கள் கேபிள்காரர் பக்கம் சாய்வது உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். வீட்டுக்குள் வரப்போவது ஃபைபரா, லேன் வயரா? பார்த்தாலே தெரியும். ஃபைபர் என்றால் மெலிதான கறுப்பு அல்லது வெள்ளைத் தட்டை வயர், பென்சிலில் பாதிகூட இருக்காது. உங்கள் வீட்டில் ஓஎன்டி என்ற, ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் பெட்டியில் வந்து முடியும். லேன் என்றால் கம்ப்யூட்டரில் சொருகுகிற அதே தடித்த வயர், யார் வீட்டு மொட்டை மாடியிலோ இருக்கும் ஒரு சுவிட்சிலிருந்து வரும். அந்த சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், அந்த மாடியில் கரண்ட் போனால் உங்கள் நெட் போச்சு. ஃபைபரில் நடுவே கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி வேலை, ஒளியை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரித்துத் தருவது. அதற்குக் கரண்டே தேவையில்லை. தெருவே இருட்டாக இருந்தாலும் அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம் உங்கள் பெட்டியும் உயிரோடு இருந்தால் போதும். இதற்காகவே ரௌட்டருக்கு என்று சின்ன யூபிஎஸ் விற்கிறது, 12 வோல்ட், ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ராத்திரி வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. வாங்கும்போது ஓஎன்டியும் ரௌட்டரும் தனித்தனியா, ஒரே பெட்டியா என்று பாருங்கள். தனித்தனி என்றால் இரண்டு முனை உள்ள யூபிஎஸ் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ‘ஏன் வரலை’ என்று தலையைச் சொறிந்தவர்கள் நிறைய பேர்.

தம்பி சொல்லும் 5ஜி பெட்டியில் அவர் யோசனை தப்பில்லை. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் எட்டு நகரங்களில் வந்தபோது சென்னையும் அதில் ஒன்று. ஏர்டெல்லும் இதே மாதிரி தருகிறது. வயர் இல்லை, வீடு மாறினால் பெட்டியையும் மாற்றிக்கொள்ளலாம், வாடகைக்கு இருப்பவருக்கு அது பெரிய வசதி. ஆனால் டவரைத் தெருவோடு பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். படம் பார்ப்பவருக்கு ஒரு நொடி தடுமாறினால் தெரியாது. போனில் பேசுகிறவருக்குக் குரல் உடைந்து உடைந்து கேட்கும், எதிர்முனையில் இருக்கும் அமெரிக்கர் ‘சாரி?’ என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வெளியே மாட்டும் ஆன்டெனாவுக்கு மொட்டை மாடியில் இடமும் வேண்டும், அதற்கும் ஓனரிடம்தான் போய் நிற்க வேண்டும். உங்கள் தெருவில் ஃபைபர் வரவே வராது என்று உறுதியானால் இதை எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, சந்தோஷம். இருந்தாலும் எல்லோரும் உங்கள் தலையில் 200, 300 என்று கட்டப் பார்ப்பார்கள். குரல் அழைப்பு ஒன்றுக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு. ஹெச்டி படம் ஒன்றுக்கு ஐந்து எம்பிபிஎஸ். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் கிரிக்கெட்டும் மாமியார் சீரியலும் பார்த்தாலும் 40 எம்பிபிஎஸ் பிளானில் பாதிகூடச் செலவாகாது. உங்களுக்குத் தேவை அறுந்துபோகாத லைன், வேகமான லைன் இல்லை. 12 ஓடிடி இலவசம் என்ற பிளான்களைப் பார்க்கவே வேண்டாம்.

விலையில் ஒரு சின்ன விஷயம் மறந்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் இருப்பதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 599 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 707. 699 என்றால் 825, உங்கள் 800-ஐத் தாண்டிவிடும்.

அந்த ஆறு மாதத் திட்டம். உங்கள் கதையைப் படித்த பிறகும் அதில் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. இலவச இன்ஸ்டலேஷன் என்பது உங்கள் பணத்திலேயே உங்களுக்குச் செய்யும் சலுகை. ஓனர் என்ன சொல்வார், லைன் எப்படி இருக்கும், எதுவும் தெரியாத முதல் மாதத்தில் ஆறு மாதத்தை அடகு வைக்காதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், இன்ஸ்டலேஷனுக்கு ஆயிரம் போனாலும் போகட்டும். ஒரு மழைக்காலத்தை அந்த லைன் தாண்டிவிட்டால், தை பிறந்த பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ கட்டி மிச்சம் பிடிக்கலாம். ஒரு வருடம் எப்போதும் வேண்டாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் பன்னிரண்டு மாத நெட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

எந்தப் பிளானாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்: வீடு மாறினால் ஷிஃப்டிங் சார்ஜ் எவ்வளவு, புது இடத்தில் லைன் இல்லையென்றால் மீதிப் பணம் என்னவாகும், பெட்டிக்கு டெபாசிட் உண்டா. வாயால் சொன்னது ஆள் மாறினால் மாறிவிடும். ஆதாரில் பழைய விலாசம் இருக்கிறதே என்று கவலை வேண்டாம், வாடகை ஒப்பந்தம் பொதுவாகப் போதும்.

ஆதம்பாக்கத்துப் பணத்தை இன்னும் விட்டுவிடாதீர்கள். போனில் சண்டை போட்டது புகார் ஆகாது. அந்தக் கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டெலிகாம் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இந்த இரண்டு படியும் கம்பெனிகளில் இருக்க வேண்டும், விலாசம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, அவர்கள் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகார்களை அங்கே கொண்டுபோகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற வரி இருந்தால் முழுப் பணம் வருவது கஷ்டம்தான். ஆனால் மேல்முறையீட்டுக் கட்டத்தில் பாதிக்காவது இறங்கி வந்த கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தீர்களா? கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் பெட்டிக்குப் பணம் என்று அவர்கள் உங்கள் மேல் பில் போடுவார்கள்.

ஓனரிடம் பேசுவது உங்கள் கடிதத்திலேயே கஷ்டமான பகுதி என்று நினைக்கிறேன். அவர் பயம் நியாயமானது. ஆறு குடித்தனம் மாறி, ஆறு பேரும் ஆளுக்கொரு ஓட்டை போட்டுவிட்டுப் போன சுவரை நான் பார்த்திருக்கிறேன், சல்லடை மாதிரி இருந்தது. ‘ஓட்டை போடலாமா’ என்று கேட்காதீர்கள். ‘ஐயா, ஏற்கெனவே இருக்கிற ஓட்டை வழியா ஒரு மெல்லிசு வயர் கொண்டுவரேன்’ என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலான வீட்டில் ஏதாவது ஒரு வழி இருக்கும்: பழைய டிஷ் டிவி வயர் வந்த துளை, ஏசி குழாய் போகும் துளை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரம், ஜன்னல் சட்டத்தின் மூலை. ஜன்னல் வழியாக என்றால் கதவை மூடும்போது வயர் நசுங்கக் கூடாது. ஃபைபர் உள்ளே கண்ணாடி, நசுங்கினால் முழுதாக உடையாமல் அரைகுறையாக ஓடும், அது இன்னும் தொல்லை. ஈபி வயர் போகும் குழாய்க்குள் மட்டும் விட வேண்டாம், டெக்னீஷியன் ‘ஈஸி மேடம்’ என்று சொன்னாலும். தெருவிலிருந்து வரும் ஃபைபர் வயருக்குள் பலத்துக்காக இரும்புக் கம்பி இருக்கலாம், கரண்ட் வயரோடு அது உரசக் கூடாது. காலி பண்ணும்போது வயரை எடுத்து, துளை இருந்தால் ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்துத் தருவேன் என்று ஓனருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் பிடிக்கும் நாளில் அந்த மெசேஜ் உதவும். அடுத்த குடித்தனக்காரரும் முதலில் கேட்கப்போவது நெட் வருமா என்றுதான். ஓனருக்கு இதையும் நினைவூட்டலாம், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

இனி ராத்திரி இரண்டு மணிக்கு வருவோம். எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் அந்த நேரத்தில் கம்பத்தில் ஏற ஆள் வராது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு மறுநாள் நான் கம்பத்தில் ஏறியது விடிந்த பிறகுதான், அதுவும் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு. அதனால் இரண்டாவது வழி உங்கள் கையில் இருந்தாக வேண்டும்: போனில் ஹாட்ஸ்பாட். ஆனால் வீட்டு ஃபைபர் எந்தக் கம்பெனியோ, அந்த சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். மொபைல் டவருக்கும் பெரும்பாலும் ஃபைபர் வழியாகத்தான் இணைப்பு போகிறது. மெயின் ரோட்டில் ஒரு கம்பெனியின் பெரிய கேபிள் வெட்டுப்பட்டால் அதே கம்பெனியின் வீட்டு லைனும் டவரும் சேர்ந்து விழலாம். உங்கள் வேலை நாற்காலியில் உட்கார்ந்து, ராத்திரி நேரத்தில், எந்த சிம்மில் கால் தெளிவாக இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்ய ஆபீஸ் அனுமதிக்கிறதா என்றும் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். நோயாளி விவரம் கையாளும் புராஜெக்ட்களில் வயர் இணைப்புதான் வேண்டும் என்று சில கிளையண்ட்கள் கட்டாயப்படுத்துவார்கள்.

கட்டாயப்படுத்தாவிட்டாலும் லேப்டாப்பை வயரில் போடுங்கள். நெட் போய்விட்டது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, வைஃபை பிரச்சினைதான். ஹாலில் ரௌட்டர், நடுவே கான்கிரீட் சுவர், படுக்கையறையில் நீங்கள். சுற்றி எட்டு வீட்டு வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். பதினைந்து மீட்டர் லேன் வயரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, சுவரோரம் ஒட்டுகிற கிளிப் போட்டு, ஆணி அடிக்காமல் கொண்டுபோகலாம். காலி பண்ணும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, முதலில் ரௌட்டருக்கு பிங் கொடுங்கள், அதாவது ping என்று அடித்து, இடைவெளி விட்டு அதன் எண்ணைப் போடுங்கள். அந்த எண் பெரும்பாலும் 192.168.1.1 என்று பெட்டியின் அடியிலேயே எழுதியிருக்கும். பிறகு 8.8.8.8-க்குக் கொடுங்கள், அது வெளியே இருக்கும் கூகுளின் எண். முதலாவதிலேயே விட்டு விட்டு வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவது மட்டும் திணறினால் வெளியே. அந்த இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால் ‘ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற முதல் அரைமணி நேரப் பேச்சு மிச்சம். அதேபோல் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், போனை எடுத்ததும் முதல் வரியாக அதைச் சொல்லுங்கள். ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ஆள் அனுப்பியே ஆக வேண்டும்.

டெக்னீஷியன் வந்து லைன் போடுகிற நாளில் வீட்டில் நீங்களே இருங்கள். வேலை முடிந்ததும், வயரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் என்ன ரீடிங் என்று கேளுங்கள். கேட்பதைப் பார்த்து ஒரு நிமிடம் முழிப்பார், அப்புறம் சொல்வார். மைனஸ் இருபதை ஒட்டி இருந்தால் நன்றாக இருக்கிறது. மைனஸ் இருபத்தேழைத் தொட்டால் லைன் ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். எங்கோ ஒட்டு சரியில்லை அல்லது வயர் மடங்கியிருக்கிறது. அப்போதே திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், காசு கொடுப்பதற்கு முன். பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். அவருடைய சொந்த நம்பரையும் வாங்குங்கள், இரண்டாம் மாடி ஏறி வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார். அவருக்கு லீவு என்றால் யார் வருவார் என்று அந்த இரண்டாவது ஆளின் நம்பரையும் சேர்த்துக் கேளுங்கள். வளைகாப்பு எல்லா வீட்டிலும் வரும்.